ஓர் உள்பரிசோதனையும் ஒரு வாக்கும்

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பகல் டியூட்டி டாக்டராக இருந்தேன். படிப்பு முடித்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. அந்தக் கோடையில் ஊரின் மேற்குப் பக்கம் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. காலையில் நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே வராந்தா முழுக்க வாந்திபேதிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கட்டில் போதாமல் பெஞ்சுகளில் படுக்கவைத்து, ஜன்னல் கம்பிகளில் சலைன் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு யார் வாசலில் தெரிந்தாலும், நர்ஸ் என்னைக் கேட்காமலே அடுத்த பாட்டிலை எடுத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் அதுதான் சரியாக இருந்தது.

அப்படி ஒரு காலை நேரத்தில் விஜயநகரில் வீடு கட்டும் இடத்திலிருந்து ஒரு பெண்ணை சாமான் ஏற்றும் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முப்பது வயதிருக்கும். சித்தாள் வேலை. சேலையிலும் முழங்கைகளிலும் சிமெண்டு காய்ந்து ஒட்டியிருந்தது. கூட வந்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. அவளும் அதே இடத்தில் வேலை செய்பவள்தான். இருவரும் தமிழ்நாட்டு எல்லையருகே இருக்கும் மார்டள்ளிக்காரர்கள். கன்னடம் நன்றாகவே தெரியும். ஆனால் வலியில் அந்தப் பெண்ணின் வாயில் வந்தது தமிழ்தான்.

"வவுறு சுருட்டிப் பிடிக்குதுங்க. ரெண்டு தடவ வெளிய போயிட்டு வந்தேன். மறுபடி வர்ற மாதிரியே இருக்குது, போய் உக்காந்தா ஒண்ணும் வரலீங்க."

நாத்தனார் சேர்த்துச் சொன்னாள். "கலவை சுமந்துட்டு இருந்தவ அப்பிடியே உக்காந்துட்டாளுங்க. வெயிலு பாருங்க."

நர்ஸ் ஊசியைக் குத்தி பாட்டிலை ஓடவிட்டாள். நான் நாடியைப் பிடித்தேன். நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. பேதியில் நீர் வற்றினால் நாக்கு காயும், கண் குழிவிழும். இவளுக்கு நாக்கு ஈரமாக இருந்தது. ஆனால் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"வேற எங்காச்சும் வலிக்குதாம்மா?"

"தோளு வலிக்குதுங்க. சட்டி சுமக்கறனில்லீங்க, அதுனால இருக்கும்."

"தலையில சுமக்கறீங்களா, தோளிலயா?"

"தலையிலதானுங்க."

அந்தப் பதில் என் காதில் தங்கிவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே உதரவிதானத்தைத் தொட்டால், வலி தோளில் தெரியும் என்று படித்திருக்கிறேன். மாதவிடாய் பற்றிக் கேட்டேன். நாலைந்து நாளாக லேசாகப் பட்டுக்கொண்டிருக்கிறது, எப்போதும் முன்னே பின்னே வருவதுதான் என்றாள். குழந்தை உண்டாகியிருக்கலாமோ என்று நான் முடிப்பதற்குள் நாத்தனார் குறுக்கிட்டாள்.

"அதெப்பிடீங்க? மூணு புள்ளைக்கப்பறம் ஆப்பரேசன் பண்ணியாச்சுங்களே. கேம்புல பண்ணுனது."

சிறுநீர் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று அவளை எழுப்பினோம். கழிவறை வாசல்வரைகூடப் போகவில்லை, நர்ஸின் கையிலேயே சரிந்தாள். தூக்கிவந்து படுக்கவைத்து, கால்பக்கம் கட்டிலுக்குக் கீழே செங்கல் கொடுத்து உயர்த்தினோம்.

அதற்குள் ரவுண்ட்ஸ் முடித்து பெரிய டாக்டர் வந்தார். அறுவை சிகிச்சை நிபுணர். கன்னடக்காரர், நல்ல கைராசி உள்ளவர் என்று ஊரில் பெயர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். தொப்புளுக்குக் கீழே இருந்த சின்னத் தழும்பை எனக்குக் காட்டினார்.

"நோடம்மா, இதப் பாரு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிருக்கு. வார்டுல இருக்கிற மத்தவங்க மாதிரிதான் இதுவும். பாட்டில் வேகமா ஓடட்டும். சந்தேகமா இருந்தா மத்தியானம் ஸ்கேனுக்கு அனுப்பலாம்."

அப்போது எங்களிடம் ஸ்கேன் மெஷின் இல்லை. நகரத்துக்குள் ஒரு சென்டருக்கு ஆட்டோவில் அனுப்ப வேண்டும். அங்கேயும் டாக்டர் வருவது மதியத்துக்கு மேல்தான்.

"சார், நான் ஒரு உள்பரிசோதனை பண்ணிப் பார்த்துடறேன்" என்றேன்.

"பண்ணு. எனக்கென்னமோ அதுல ஒண்ணும் கிடைக்கும்னு தோணலை" என்று சொல்லி, பக்கத்துப் பெஞ்சில் துவண்டு கிடந்த கிழவரிடம் போனார்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரே ஒரு துணித் திரை. அதை இழுத்து மூடிவிட்டு, கையுறையை எடுத்தேன். உறை கிழிபடும் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். இரண்டு முழங்காலையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளிடம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"வேண்டாமுங்க டாக்டரம்மா. அங்க பாக்க வேண்டாமுங்க."

"எதுக்கும்மா பயப்படறீங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். வெளியே கிழவரிடம் பெரிய டாக்டர் பேசுவது தெளிவாகக் கேட்டது. நாத்தனாரின் கால் திரைக்கு அடியில் தெரிந்தது. நான் நர்ஸிடம் சொல்லி, நாத்தனாரை வராந்தாவுக்கு அழைத்துப்போகச் சொன்னேன். நர்ஸ் திரும்பி வந்து திரையின் மடிப்பைக் கையால் பிடித்தபடி நின்றாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் பேசினாள், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு.

"மூணாவது பொறக்கறப்ப வேற ஆசுபத்திரிங்க. வலில கெடக்கறேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வந்து பாத்தாங்க. படிக்கற பசங்க. ஒருத்தரு கையெடுக்க, அடுத்தவரு வந்து நிக்கறாரு. எதுக்குன்னு ஒருத்தருஞ் சொல்லலீங்க. நான் கத்தறேன், அவீங்க பாட்டுக்கு அவீங்களுக்குள்ள இங்கிலீசுல பேசிக்கறாங்க. அன்னிக்கே நெனச்சேனுங்க, செத்தாலும் இனி…"

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுகையால் அவள் நாடியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள். இன்னும் வேகமாகியிருக்கிறது என்று அர்த்தம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் பாதரசம் இறங்கி இறங்கி, எங்கே நிற்கப்போகிறதோ என்று பயமாக இருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. 'காலை விரி, உயிர் போகப்போகிறது' என்று சொல்லிவிடலாம். சொன்னால் விரித்தும் விடுவாள், அன்று அந்த மாணவர்கள் முன்னால் விரித்த மாதிரி.

நான் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து உட்கார்ந்தேன்.

"இங்க பாருங்கம்மா. உங்க வயித்துக்குள்ள எங்கயோ ரத்தம் கசியுதுன்னு நினைக்கிறேன். கருக்குழாயிலயான்னு தெரியணும். மேல அழுத்திப் பார்த்தா அது தெரியாது, உள்ள விரல் வெச்சுப் பார்த்தாதான் தெரியும். நான் ஒருத்திதான் பார்ப்பேன். ஒரே தடவை. வேற யாரும் பார்க்க மாட்டாங்க. நீங்க நிறுத்துன்னு சொன்ன உடனே நிறுத்திடுவேன்."

"நீங்க மட்டுமுங்களா?"

"நான் மட்டும்தான்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முழங்கால்கள் தளர்ந்தன.

என்ன செய்யப்போகிறேன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தேன். இப்போது தொடுகிறேன், இப்போது விரல் உள்ளே வருகிறது, மறு கையை வயிற்றின் மேல் வைக்கிறேன். கருப்பையின் வாயை விரல்நுனியால் ஒரு பக்கமாக லேசாக அசைத்தேன். அவ்வளவுதான். அவளுடைய உடம்பு முழுக்கக் கட்டிலைவிட்டு எழும்பியது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கையை எடுத்துவிட்டேன். பக்கவாட்டில் ஏதாவது கட்டியாகத் தட்டுப்படுகிறதா என்று பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. கருப்பைக்குப் பின்னால் வெறுமையாக இருக்க வேண்டிய இடம் பஞ்சு அடைத்த மாதிரி நிறைந்து, விரலை எதிர்த்துத் தள்ளியது. பேதியில் அப்படி இருக்காது. மறுபடி மறுபடி வெளியே போக வேண்டும்போல அவளுக்குத் தோன்றியதும் அதனால்தான். தேங்கிய ரத்தம் குடலை அழுத்திக்கொண்டிருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னேன். "சார், குழாயில கர்ப்பம். வெடிச்சிருக்கு. இப்பவே திறக்கணும்."

அவர் முகம் மாறியது. கையுறைப் பெட்டியை நோக்கி நடந்தார். "இரு, நானும் ஒரு தடவை பாத்துடறேன்."

"வேண்டாம் சார்."

நான் அவரிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாமா? ஆபரேஷன் பண்ணின பொம்பளைக்குக் கர்ப்பம்னு சொல்றே. உன் ஒரு விரலை நம்பி நான் வயித்தைத் திறக்கணும். உள்ள ஒண்ணும் இல்லைன்னா நாளைக்குப் பதில் சொல்றது யாரு?"

"நான் ஒருத்திதான் பார்ப்பேன்னு சொன்னதுக்கப்புறம்தான் அவங்க ஒத்துக்கிட்டாங்க, சார்."

"உயிர் போற நேரத்துல வாக்கு என்னம்மா வாக்கு?"

"நீங்க பார்த்தாலும் இதே வலிதான் சார் தெரியும். புதுசா என்ன தெரியப்போகுது?"

ஒரு கையில் மட்டும் உறையை மாட்டிக்கொண்டு அவர் அப்படியே நின்றார். பெஞ்சில் யாரோ வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு நர்ஸிடம் திரும்பி, "பெரிய சிரிஞ்சு, நீள ஊசி" என்றார்.

அந்தப் பெண்ணிடம் போய் அவரே கன்னடத்தில் சொன்னார், வயிற்றின் பக்கவாட்டில் ஒரு ஊசி மட்டும் போடப்போகிறேன், வேறெங்கும் தொடமாட்டேன் என்று. மருந்தைத் தடவி, ஊசியை இறக்கி, மெல்லப் பின்னால் இழுத்தார். கறுப்பும் சிவப்புமாக ரத்தம் சிரிஞ்சில் ஏறியது. அதை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு வெளிச்சத்தில் பிடித்தோம். ஊசி ரத்தக்குழாயில் குத்தி வந்த ரத்தமானால் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். ஏற்கெனவே வயிற்றுக்குள் கொட்டித் தேங்கியதானால் உறையாது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு நிமிஷமும் ஒரு வருஷமாகப் போயிற்று. ரத்தம் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது.

"தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லு" என்றார் அவர். "மேடத்துக்குப் போன் போடு." மேடம் என்றது எங்கள் மகப்பேறு மருத்துவர். வீடு பக்கத்துத் தெருவில்தான்.

இனி அவளிடம் சொல்ல வேண்டும். காதருகே குனிந்து, கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி வளர்ந்து வெடித்துவிட்டது, ஆபரேஷன் செய்தால்தான் பிழைக்க முடியும் என்றேன்.

"கருவா? அது எப்பிடீங்க? ஆப்பரேசன்…" சொல்லச் சொல்லவே கண்ணில் பயம் வந்தது. அது வேறு பயம். "எங்க நாத்தனாருகிட்டச் சொல்லாதீங்க. எங்க வூட்டுக்காரரு குண்டலுபேட்டைல வேலைக்குப் போயிருக்காரு. வாரத்துக்கு ஒருக்காதான் வருவாரு. இவீங்க என்ன நெனப்பாங்களோ."

நாத்தனாரிடம் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்பதை மட்டும் சொல்லி, ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டேன். "எந்தம்பி வராம கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அவர்கள் வேலை இடத்து மேஸ்திரி, குண்டலுபேட்டையில் இருந்த ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போன் செய்து சேதி சொல்லியிருந்தார். தம்பி பஸ் பிடித்து வர மதியமாகிவிடும். அதுவரை தாங்காது. பெரிய டாக்டர்தான் சொன்னார், நோயாளிக்கே நினைவு இருக்கிறது, அவளே போடட்டும் என்று. நர்ஸ் அட்டையைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் படுத்தபடியே கன்னடத்தில் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து கோணிக்கொண்டு ஓரத்துக்குப் போயிற்று.

வேலை இடத்திலிருந்து வந்த ஆட்களில் இரண்டு பேருடைய ரத்தம் சேர்ந்தது. மேடம் வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கி மேஜை விளிம்பில் வழிந்தது. அவர் கையை உள்ளே விட்டுத் தடவி, இடது குழாயைப் பிடித்து இடுக்கி போட்ட பிறகுதான் மயக்க மருந்து கொடுப்பவர் வாயைத் திறந்தார். "அழுத்தம் ஏறுது." நான் எதிர்ப்பக்கம் நின்று துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். முகக்கவசத்துக்குள் என் உதடு உப்புக்கரித்தது.

பிழைத்துவிட்டாள். ஆனால் வராந்தாவில் இருந்தவர்களுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. ஆயா யாராவது சொல்லியிருக்கலாம். நான் வெளியே வந்தபோது நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் கணவன் வந்தான். கொத்தனார். கைகால் கழுவக்கூட நேரமில்லாமல் கிளம்பியிருக்கிறான். கேட்டருகே அக்காள் முந்திக்கொண்டாள். ஜன்னல் வழியாக இருவரையும் பார்த்தேன். அவள் தணிந்த குரலில் என்னவோ சொல்ல, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். நான் மேடத்திடம் ஓடினேன். அவர் வெட்டியெடுத்த குழாயை மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இங்க பாருப்பா. கேம்புல இந்தக் குழாயில ரப்பர் வளையம் போட்டிருக்காங்க. அது சரியா இறுகாம நழுவியிருக்கு, தெரியுதா? வழி மூடாம போச்சு. அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். இதுல உன் பெண்டாட்டி தப்பு ஒண்ணும் இல்லை."

அவன் பாட்டிலைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இத எதுக்குங்க எனக்குக் காட்டறீங்க? நான் அவள ஒண்ணுமே கேக்கலீங்களே."

மேடம் பாட்டிலைக் கீழே இறக்கினார். அவன் தொடர்ந்து, "நெனவு வந்துருச்சுங்களா? போய்ப் பாக்கலாமுங்களா?" என்றான்.

பின்னால் நின்ற அக்காள் முன்னால் வந்தாள். "நாந்தானுங்க இது எப்பிடின்னு இவங்கிட்டக் கேட்டேன்" என்றாள். "எனக்குக் காட்டுங்க."

மேடம் பாட்டிலை அவளிடம் கொடுத்தார். அவள் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் உயர்த்திப் பிடித்து, அந்தச் சின்ன வெள்ளை வளையத்தை வெகுநேரம் பார்த்தாள். எங்கே நழுவியது, எப்படி நழுவியது என்று இரண்டு தடவை கேட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது பாட்டிலை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அன்று முதல் வீட்டுக்கு அனுப்பும்வரை கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தது அவள்தான். கணவன் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான்.

அந்த வாரம் கேன்டீனில் பெரிய டாக்டர் என் எதிரில் காபியோடு வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன். கடைசில முடிவு பண்ணினது என் ஊசிதான். அதை முதல்லயே போட்டிருந்தா உள்பரிசோதனையே வேண்டியிருக்காதே?"

"போட்டிருப்பீங்களா சார்?"

அவர் காபியை ஆற்றினார். "மாட்டேன்" என்றார். "பேதின்னு முடிவு பண்ணிட்டேனே."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பல வருடங்கள் அதை மனத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் அடிவயிறு வலி என்று வந்த பெண்கள் எல்லோருக்கும் உள்பரிசோதனை செய்ய வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அதனால் எந்த முடிவும் மாறவில்லை. பார்த்தாலும் அதே மாத்திரை, பார்க்காவிட்டாலும் அதே மாத்திரை. பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கே ஸ்கேன் மெஷின் வந்தது, கர்ப்பமா என்று சிறுநீரில் உடனே பார்த்துச் சொல்லும் சோதனை அட்டை வந்தது. பலருக்கு நான் உள்ளே கை வைப்பதையே விட்டுவிட்டேன். செய்ய வேண்டிய இடத்தில் இப்போதும் செய்கிறேன். செய்வதற்கு முன்னால், இதில் தெரியவருவது என் அடுத்த காரியத்தை மாற்றுமா என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று மாற்றியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பெண்ணைக் கடைசியாகப் பார்த்தது அடுத்த வருடம், விஜயநகரில். கட்டி முடித்த வீடொன்றில் குடும்பத்தோடு காவலுக்கு இருந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் என் ஸ்கூட்டரைக் கைகாட்டி நிறுத்தினாள். முகத்து வெளுப்பு மாறி ரத்தம் ஊறியிருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. போன மாசம் ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சலா இருந்துச்சுன்னு இங்க ஒரு கிளினிக்குக்குப் போனேன். படுங்க, உள்ள பாக்கோணும்னாரு. எதுக்குங்க பாக்கறீங்க, அதுல என்னங்க தெரியும்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம் பேனாவை வெச்சுட்டு யோசிச்சாருங்க. அப்பறம், வேண்டாம்மா, ஒண்ணுக்க டெஸ்ட் பண்ணுனாப் போதும்னுட்டாரு" என்று சொல்லி, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள்.